கல்லில் இறக்கை, பிசினில் உடம்பு

சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்குக்குப் பின்புறம், மழைச்சாரல் எட்டாத ஓர் ஓரத்தில், காய்ந்த மண் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் அதில் ஏழெட்டுக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புனல் மாதிரி. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் அங்கே குந்தி உட்கார்ந்து, “அங்கிள், இது எறும்பு வீடா?” என்று கேட்டான். “வீடு இல்லப்பா, எறும்புக்குச் சமாதி” என்றேன். ஓர் எறும்பைத் தள்ளிவிட்டுக் காட்டச் சொன்னான். மனசு வரவில்லை. ஒரு புல்நுனியால் சரிவைக் கீறினேன். குழியின் அடியிலிருந்து மண் சடசடவென்று மேலே தெறித்தது.

அம்மா இதைக் குழியானை என்பார். தேக்காவில் கடை வைத்திருக்கும் நண்பர் குழிநரி என்கிறார். யானையோ நரியோ, அது ஒரு பூச்சியின் புழுப்பருவம். வளர்ந்த பிறகு தட்டானைப் போல ஒல்லியான உடம்பும், நெய்த வலை போன்ற நான்கு இறக்கைகளுமாக இரவில் விளக்கைச் சுற்ற வரும். வயல்களில் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்பதற்காக வளர்த்து விடுகிறார்களே, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, அதுவும் இந்தக் கூட்டம்தான். கும்பிடுபூச்சி வேஷம் போட்டுக்கொண்டு திரியும் மான்டிஸ்பிட்களும் இதே கூட்டம். வலையிறக்கைப் பூச்சிகள் என்று இவற்றை மொத்தமாகச் சொல்லலாம். இன்று உயிரோடிருப்பவை சுமார் 6,000 இனங்கள்.

நாமும் இவற்றை அறியாமலே கும்பிட்டு வந்திருக்கிறோம் என்று ஒரு வேடிக்கை உண்டு. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி தன் முட்டைகளை மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் வைக்கும். கிழக்காசியாவில் புத்தர் சிலைகளின் மேல் இப்படி வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் உதும்பர மலர் பூத்துவிட்டது என்று பக்தர்கள் கூடியதுண்டு. உதும்பரம் என்றால் வேறொன்றுமில்லை, நம் அத்தி. ‘அத்தி பூத்தாற்போல’ என்று நாம் சொல்கிற அதே அத்தி.

இந்தக் கூட்டத்துக்குப் பங்காளி வரிசைகள் இரண்டு. ஒன்று மெகலாப்டெரா, தண்ணீரில் வளரும் புழுக்கள், சுமார் 400 இனங்கள். இன்னொன்று ராஃபிடியாப்டெரா, சுமார் 250 இனங்கள் மட்டும். இந்த இரண்டாவது பங்காளிக்குத் தமிழ்ப் பேச்சு வழக்கில் பெயர் கிடையாது, ஏனென்றால் அது நம் ஊர்களில் வாழவில்லை. முன்மார்பு நீண்டு கழுத்துப்போல் இருக்கும். இரை தேடும்போது படமெடுத்த பாம்பு மாதிரி தலையைத் தூக்கும். ஆகவே இங்கே பாம்புக்கழுத்துப் பூச்சி என்று வைத்துக்கொள்கிறேன். பெண் பூச்சியின் வால்பக்கம் நீளமான ஊசி ஒன்று இருக்கும், மரப்பட்டை இடுக்கில் முட்டையிட. லின்னேயஸ் 1758-இல் ராஃபிடியா என்று பெயரிட்டபோது ஊசி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதற்கு வாகாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூச்சிகளின் இன்றைய கணக்கு ஒரு பெரிய குடும்பத்தின் மிச்சக் கணக்கு. வலையிறக்கைப் பூச்சிகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்திலேயே இருந்தன. பாம்புக்கழுத்துப் பூச்சிகள் ஜுராசிக் காலத்திலிருந்து கிடைக்கின்றன. டைனோசர்கள் நடந்த காலத்தில் இவற்றில் இன்று இல்லாத எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. அவற்றை எடுத்து, விவரித்து, பெயர் வைத்து, யாருக்கு யார் உறவு என்று அடுக்குகிற வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது, சாட்சிகள் இருவர் இருந்தும் இருவருமே ஒருதலைச் சாட்சிகள் என்பதுதான். கல் இறக்கையைக் காட்டும், உடம்பை மறைக்கும். மரப்பிசின் உடம்பைக் காட்டும், இறக்கையைச் சுருட்டி வைத்துவிடும்.

முதலில் கல். ஏரியில் விழுந்த பூச்சியின் மேல் மிக நுண்ணிய சேறோ எரிமலைச் சாம்பலோ படிந்தால், உடல் நசுங்கிக் கறையாகிவிடும். இறக்கை மட்டும் அச்சுப்போல் நிற்கும். சீனாவின் உள்மங்கோலியாவில் தாவ்ஹுகோ என்னும் இடத்தில் சுமார் 16.5 கோடி ஆண்டுப் பழைய ஏரிப் படிவுகளில் இப்படி ஆயிரக்கணக்கான பூச்சிகள் இருக்கின்றன. பாறையைப் பிளக்கும்போது ஒரே பூச்சி இரண்டு பலகைகளிலும் பதிந்திருக்கும். ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பூச்சி இறக்கை தட்டையான கண்ணாடி அல்ல. விசிறி மடிப்பு மாதிரி ஒரு நரம்பு மேலேயும் அடுத்தது கீழேயுமாக அலையடித்திருக்கும். எந்த நரம்பு மேட்டில், எது பள்ளத்தில் என்பதே அதை அடையாளம் காணும் வழி. கையில் இருப்பது எந்தப் பலகை என்று தெரியாமல் வரைந்தால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

இறக்கை நரம்புகளுக்குப் பொதுவான ஒரு பெயர்முறை வந்தது 1898-இல், காம்ஸ்டாக், நீடம் என்னும் இரு அமெரிக்கர்களால். முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிக் காஸ்டா, சப்காஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், கடைசியில் ஏனல் (anal) நரம்புகள். எல்லாப் பூச்சியும் ஒரே மூதாதையிடமிருந்து இறக்கை வாங்கியிருக்கிறது, ஆகவே வண்டிலும் தட்டானிலும் ஒத்த நரம்புக்கு ஒரே பெயர் சொல்ல முடியும் என்பது அதன் அடிப்படை. யோசனை அருமை. ஆனால் வலையிறக்கைப் பூச்சிகளில் கிளைகள் அவ்வளவு அடர்த்தி, ஒரு நரம்பு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு ஓடி வேறிடத்தில் பிரியும். ஒருவர் ரேடியஸின் கிளை என்பதை இன்னொருவர் மீடியாவின் முன்கிளை என்பார். பழைய கட்டுரை ஒன்றையும் புதிய கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் படம் ஒன்றாக இருக்கும், எழுத்துகள் வேறாக இருக்கும். இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் படிக்க வேண்டியது பூச்சியை அல்ல, எழுதியவரின் பழக்கத்தை.

அப்புறம் குறுக்கு நரம்புகள். பாம்புக்கழுத்துப் பூச்சியிலும் வலையிறக்கைப் பூச்சியிலும் இவற்றை எண்ணி இனம் பிரிப்பது நெடுநாள் வழக்கம். இரண்டு குறுக்கு நரம்பு இருந்தால் ஓர் இனம், மூன்று இருந்தால் வேறு இனம். கையில் ஒரே ஓர் இறக்கை மட்டும் இருக்கும்போது வேறு என்ன செய்வது? சிக்கல் என்னவென்றால், இன்று உயிரோடிருக்கும் பூச்சியையே எடுத்துப் பார்த்தால் இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் எண்ணிக்கை வித்தியாசப்படும். பூமி அழுத்தத்தில் பாறை இழுபட்டால் அகலமான இறக்கை ஒல்லியாகிவிடும். இப்படி ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர்கள் விழுந்து, பிறகு வந்தவர்கள் ஒன்றாகச் சேர்த்த கதைகள் நிறைய. குறுக்கு நரம்பு ஒன்றை மட்டும் நம்பி அறிவிக்கப்பட்ட இனத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இனி இரண்டாவது சாட்சி, பிசின். தமிழில் பிசின் என்று ஒரே சொல்லில் இரண்டு பொருளைச் சொல்கிறோம். கருவேலம் பிசின் தண்ணீரில் கரையும். அது ஒருநாளும் கல்லாகாது. குங்கிலியம் தண்ணீரில் கரையாது; இந்த வகைப் பிசின்தான் மண்ணில் புதைந்து, ஆவியாகக்கூடியவை போய், உள்ளேயே இறுகிப் பிணைந்து ஆம்பர் ஆகிறது. சிங்கப்பூரில் இதன் ஆரம்பக் கட்டத்தைப் பார்க்கலாம்: புக்கிட் தீமா காட்டில் சிராயா போன்ற பெருமரங்களின் காயம்பட்ட இடத்தில் இத்தகைய பிசின் கசிந்து உறைந்து நிற்கும். அந்த மரக் குடும்பத்தின் பிசினிலிருந்து உருவான ஆம்பர் சரவாக்கிலும் குஜராத்தின் காம்பே பகுதியிலும் கிடைக்கிறது. குஜராத்தில் கிடைப்பது 5 கோடி ஆண்டுப் பழையது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: திமிங்கலத்தின் குடலிலிருந்து வரும் வாசனைப் பொருளுக்கும் தமிழில் அம்பர் என்றே பெயர். அரபியிலிருந்து வந்த இந்தக் குழப்பம் ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. இரண்டும் கடற்கரையில் ஒதுங்குவதால் வந்த வினை.

ஆம்பரில் மாட்டிய பூச்சிக்குக் கால், மீசை, வாய், பிறப்புறுப்பு எல்லாம் அப்படியே நிற்கும். பாம்புக்கழுத்துப் பூச்சியின் பாதத்தில் மூன்றாவது கணு இரண்டு மடலாக விரிந்திருக்கும். கல்லில் இதைக் காண நூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை, ஆம்பரில் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். ஆனால் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், அல்லது முறுக்கிக் கிடக்கும். நடுவே குமிழி, வெள்ளைப் படலம், விரிசல். எந்தப் பக்கத்தைத் தேய்த்து மெருகிட்டால் எது தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் ஆம்பரைத் தொட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்தால் மீசை போய்விடும். ஆம்பரின் ஒளிவிலகல் எண் 1.54 அளவு. அதற்கு நெருக்கமான எண்ணெயில் மூழ்கவைத்தால் மேற்பரப்புக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இப்போது நுண் சிடி ஸ்கேன் வந்துவிட்டது. ஆம்பரைத் தொடாமலே உள்ளே இருக்கும் உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. பிசின் சிறியதைப் பிடிக்கும். பெரிய இறக்கை உள்ளது உதறிக்கொண்டு போய்விடும். ஏரிச் சேறு பெரியதை நன்றாகப் பாதுகாக்கும், சிறியது கறையாகிவிடும். 2002-இல் மைக்கேல் எங்கல் என்னும் ஆய்வாளர் மியன்மார் ஆம்பரிலிருந்து விவரித்த நானோராஃபிடியா எலெக்ட்ரோபர்மிகா என்னும் பாம்புக்கழுத்துப் பூச்சி மிகச் சின்னஞ்சிறியது; அந்தக் கட்டுரையின் தலைப்பே அதை ஆகச் சிறிய பாம்புக்கழுத்துப் பூச்சி என்றது. அந்தக் காலத்தில் எல்லாமே குட்டிப் பூச்சிகளாக இருந்தனவா, பிசின் குட்டிகளை மட்டும் எடுத்துவைத்ததா? ஆம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் சொல்ல முடியாது.

இந்த இரு சாட்சிகளும் முட்டிக்கொள்ளும் இடம் பாம்புக்கழுத்துப் பூச்சிகளின் குடும்பப் பிரிவு. இன்று இருப்பவை இரண்டே குடும்பங்கள். ராஃபிடிடே குடும்பத்துக்குத் தலையில் பெரிய கண்கள் போக மூன்று சிறுகண்கள் உண்டு. இனோசெல்லிடே குடும்பத்துக்கு அவை இல்லை, பெயரே அதைத்தான் சொல்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் நுனிக்கு அருகே இருக்கும் கருத்த திட்டில் குறுக்கு நரம்பு ஓடினால் முதல் குடும்பம், இல்லையென்றால் இரண்டாவது. கல்லில் சிறுகண் தெரியாது, திட்டு தெரியும். ஆக, கல்லைப் படிப்பவர் திட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான்.

அழிந்துபோனவற்றைப் போட்டு வைக்க மார்ட்டினோவ் என்னும் ரஷ்ய ஆய்வாளர் 1925-இல் மெசோராஃபிடிடே என்று ஒரு குடும்பம் ஏற்படுத்தினார். கசகஸ்தானின் கராட்டாவ் மலைப் பாறைகளில் கிடைத்த ஜுராசிக் இறக்கைகளே அதற்கு அடிப்படை. பிறகு சீனாவிலும் வேறிடங்களிலும் கிடைத்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது. மியன்மார் ஆம்பரில் கிடைத்ததும் அதிலேயே. இப்போது இந்தக் குடும்பத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குப் பெரிய குறை: இதில் இருப்பவற்றைச் சேர்த்துக் கட்டுவது, எல்லாமே பழைய மாதிரி இருக்கின்றன என்பது மட்டும்தான்.

பழைய மாதிரி இருப்பது ஏன் போதாது? ஒரு குடும்பப் படம் எடுக்கிறோம் என்று வையுங்கள். தாத்தா, ஊரிலேயே இருக்கும் பேரன்கள் எல்லாரும் வேட்டி கட்டி நிற்கிறார்கள். சிங்கப்பூருக்கு வந்து பேண்ட் போட்ட பேரன்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, ‘வேட்டி கட்டியவர்கள்தான் எங்கள் குடும்பம்’ என்று படத்துக்குக் கீழே எழுதினால் எப்படி இருக்கும்? வேட்டி தாத்தாவிடமிருந்து வந்தது. அது மாறாமல் இருப்பதால் ஊர்ப் பேரன்கள் தமக்குள் கூடுதல் நெருக்கம் ஆகிவிடமாட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கே சிங்கப்பூர்ப் பேரன் உடன்பிறந்த தம்பியாக இருக்கலாம். புதிதாகத் தோன்றிப் பகிரப்பட்ட பண்பு மட்டுமே உறவுக்குச் சாட்சி என்று வில்லி ஹென்னிக் என்னும் ஜெர்மானியர் 1950-இல் எழுதினார். அவரும் பூச்சியியலாளர், ஈக்களைப் படித்தவர். அந்த அளவுகோலை வைத்தால் மெசோராஃபிடிடே நிற்பது கடினம். இன்றைய இரு குடும்பங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தே கிளைத்திருக்கலாம். பெட்டியை உடைத்துச் சின்னச் சின்னக் குடும்பங்கள் ஆக்கலாமா என்றால், உடைப்பதற்கு வேண்டிய பண்புகள் பாதி கல்லில் இல்லை, பாதி ஆம்பரில் தெரியவில்லை.

இந்தப் பூச்சியை நான் ஏன் இவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் சிங்கப்பூர் வெயில். இன்றைய பாம்புக்கழுத்துப் பூச்சிகள் வடகோளத்தின் குளிர்ப் பகுதிகளில் மட்டும் வாழ்கின்றன. தென்கோளத்தில் ஒன்றுகூட இல்லை. தெற்கே வரும்போது மலை உச்சிகளை மட்டும் பிடித்துக்கொண்டு வருகின்றன. புழு கூட்டுப்புழுவாக மாற வேண்டுமானால் குளிர் வேண்டும். வீட்டுச் சூட்டிலேயே வைத்து வளர்த்தால் புழு சாகாமல் நாளைக் கடத்தும், சில சமயம் அரைகுறையாக முதிர்ந்த பூச்சியின் உறுப்புகள் முளைக்கும், கடைசியில் மாறாமலே செத்துப்போகும். வியன்னாவின் ஹோர்ஸ்ட் ஆஸ்பெக், உல்ரிகே ஆஸ்பெக் தம்பதியர் வாழ்நாள் முழுக்க இந்தப் பூச்சிகளோடு இருந்து கண்டறிந்தவற்றில் இதுவும் ஒன்று. இங்கே ஆண்டு முழுக்க 25 பாகைக்குக் கீழே இறங்கினாலே நாம் ஸ்வெட்டர் தேடுகிறோம். இந்தப் பூச்சி இங்கே ஒரு தலைமுறைகூடத் தாண்டாது.

ஆனால் மியன்மார் ஆம்பரில் அது இருக்கிறதே! காச்சின் மாநிலத்தின் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் இந்த ஆம்பரின் வயது சுமார் 9.9 கோடி ஆண்டு. ஆம்பரோடு இருந்த எரிமலைத் துகள்களின் ஜிர்கான் படிகங்களை வைத்து 2012-இல் கணக்கிட்டார்கள். 2019-இல் வெளியான பாறைக் காந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: அந்த நிலத்துண்டு அப்போது இன்றைய இடத்தில் இல்லை, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தீவுக்கூட்டம் போல் கிடந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகையில் நாம் இருக்கிறோம். அதாவது, ஏறத்தாழ நம் வெயிலில், நம் ஈரத்தில், பாம்புக்கழுத்துப் பூச்சிகள் குஷியாக வாழ்ந்திருக்கின்றன. பிரேசிலின் கிராட்டோ பாறைகளிலும், 11 கோடி ஆண்டுக்கும் முந்தையவை, அவை கிடைத்துள்ளன. வெப்பம் பிடிக்காதது இந்த வரிசைக்கே உரிய குணம் அல்ல, மிஞ்சியவற்றின் குணம்.

மற்றவை என்ன ஆயின? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது வெப்பப் பகுதிக்காரர்கள் எல்லாம் அழிந்து, ஏற்கெனவே குளிருக்குப் பழகியிருந்த ஒரு கிளை மட்டும் பிழைத்தது என்பது ஹோர்ஸ்ட் ஆஸ்பெக்கின் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் விண்கல்லுக்கு உடனடியாகப் பிந்திய பாறைகளில் இவை அகப்படுவது மிக அரிது. அடுத்த நல்ல சாட்சி ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரை ஆம்பர். அதற்குள் இன்றைய இரு குடும்பங்களும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் நீண்ட இடைவெளியில் எப்போது, எதனால் என்று சொல்லச் சாட்சி போதாது. எனக்கு இந்தக் கருத்துப் பிடிக்கிறது, ஆனால் ஒரே நாளில் நடந்த கொலை என்பதைவிட இழுத்துக்கொண்டே போன நோய் என்பதற்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

கல் மட்டுமே சொல்லக்கூடிய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆம்பருக்கே எல்லாப் பெருமையும் போய்விடக்கூடாது. 1904-இல் ஜெர்மனியின் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பெரிய இறக்கைக்குக் காலிகிராமா ஹெக்கெலி என்று பெயர் வைத்தார்கள். இறக்கையில் கண் போன்ற வட்டப் பொட்டு. பிற்பாடு சீனப் பாறைகளில் இதன் உறவுகள் கூட்டமாகக் கிடைத்தபோது, இறக்கையில் செதில்கள், சுருளாத நீண்ட உறிஞ்சுகுழல் எல்லாம் தெரியவந்தன. பார்த்தால் வண்ணத்துப்பூச்சி என்று சத்தியம் செய்யலாம். ஆனால் நரம்புகளைப் படித்தால் குழியானையின் சொந்தம். வண்ணத்துப்பூச்சிகள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே, பூக்கள் பரவாத உலகில், விதைத் தாவரங்கள் சுரந்த இனிப்புத் துளிகளை இவை உறிஞ்சிக்கொண்டிருந்தன என்று 2016-இல் லபான்டெய்ரா என்னும் ஆய்வாளரும் கூட்டாளிகளும் விரிவாக எழுதினார்கள். தோற்றத்தை வைத்து உறவு சொல்வது எவ்வளவு பெரிய வலை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பெயர் வைப்பதற்கு விதிகள் இருக்கின்றன, அனைத்துலக விலங்குப் பெயரீட்டு விதித்தொகுப்பு என்று. புதிய இனத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று சுட்டுவார்கள். 1999-க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு அந்த மாதிரி எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். ஹோலோடைப் என்பது அந்த இனத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக் கணக்கு. இங்கே அந்த ஒரு சோறு வேகாததாக இருந்தாலும் பெயர் அதன் தலையில்தான். கிழிந்த பாதி இறக்கைக்கு முதலில் பெயர் வைத்துவிட்டால், அப்புறம் முழுப் பூச்சி கிடைத்தாலும் பழைய பெயரே முந்தும். பாதி இறக்கை போதாமல், இது அதுதானா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வந்தால், அந்தப் பெயர் யாருக்கும் பயன்படாமல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

புழுக்கள் இதில் இன்னொரு முடிச்சு. வலையிறக்கைப் பூச்சியின் புழுவுக்கு வாய், மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து ஆன ஓர் இணைக் குழல். இரையைக் குத்தி உள்ளே கரைத்து உறிஞ்சும். கழிவுக்கு வெளியேறும் வழி கிடையாது. முதிர்ந்து இறக்கை முளைத்த பிறகுதான் மொத்தமாக இறக்கிவைக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எல்லாவற்றையும்விட இந்தத் தகவல்தான் பிடித்தது. இந்தப் புழுக்களில் பல, முதுகில் குப்பையைச் சுமந்து மறைந்து திரியும். ஸ்பெயினின் எல் சோப்லாவ் ஆம்பரில், 11 கோடி ஆண்டுப் பழையது, அப்படி ஒன்று தன் உடம்பைவிடப் பெரிய சுமையோடு அகப்பட்டது. சுமை முழுக்கப் பெரணிச் செடியின் மயிர்கள். 2012-இல் அதற்கு ஹலூசினோகிரைசா டையோஜெனெசி என்று பெயரிட்டார்கள். குப்பை சேர்க்கும் மனநோய்க்குக் கிரேக்க ஞானி டையோஜெனஸின் பெயர் இருப்பதால் இந்தக் குறும்பு. மியன்மார் ஆம்பரிலிருந்து 2018-இல் வந்த ஃபில்லோகிரைசா ஹுவாங்கி குப்பையே சுமக்கவில்லை. உடம்பின் இரு பக்கமும் தட்டுத் தட்டாக விரிந்து, ஈரப்பாறையில் படரும் ஈரல்பாசி போலவே தன்னை ஆக்கிக்கொண்டது. லெபனான் ஆம்பரில் சுமார் 13 கோடி ஆண்டுக்கு முந்தைய குஞ்சுப் புழுக்கள் சில, முட்டையோட்டை உடைத்து வெளியே வந்த கையோடு மாட்டிக்கொண்டன. ஓட்டைக் கிழிக்கும் சின்னப் பல் இருந்த தோல்கூட அங்கேயே இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. புழுவுக்குப் பெயர் வைப்பதை விதி தடுப்பதில்லை. அதே ஆம்பரில் அதே காலத்து முதிர்ந்த பூச்சிகளும் பெயரோடு இருக்கின்றன. ஹலூசினோகிரைசா வளர்ந்ததும் எந்தப் பூச்சியாகப் பறந்தது? ஒரே விலங்குக்குப் பிள்ளைப் பெயர் ஒன்று, வளர்ந்த பெயர் ஒன்று என இரண்டு பதிவாகியிருக்கலாம். பிசினில் நின்ற பூச்சி வளராது, பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஹோலோடைப் எங்கே இருக்கிறது என்பது காகிதச் சடங்கு மட்டும் அல்ல என்பதை மியன்மார் கற்றுக்கொடுத்தது. ஹுகாவ்ங் ஆம்பர் நெடுங்காலமாகச் சீனாவின் யுன்னான் நகைச் சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017-இல் சுரங்கப் பகுதியை மியன்மார் ராணுவம் கைப்பற்றியது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஆம்பர் விற்ற காசு யார் கையில் துப்பாக்கியாகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்நாட்டுச் சட்டத்தில் புதைபடிவத்தை வெளியே கொண்டுபோக முடியாது, மணிக்கல்லைக் கொண்டுபோகலாம். பூச்சி உள்ள ஆம்பர் மணிக்கல்லாகவே எல்லை தாண்டியது. முதுகெலும்புப் படிவ ஆய்வாளர்களின் சங்கம் ஒன்று 2020-இல் ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதி, இத்தகைய மாதிரிகள் பற்றிய கட்டுரைகளுக்குத் தடை கேட்டது. பூச்சி ஆய்வாளர்கள் பலர் ஒப்பவில்லை: நாங்கள் வாங்காவிட்டாலும் அது பதக்கமாக அறுக்கப்படும், பதிவாவது மிஞ்சட்டும் என்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் ஹோலோடைப் தனியார் ஒருவரின் அலமாரியில் இருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவர் விற்றுவிட்டால், அடுத்தவர் சரிபார்க்க எங்கே போவது? பொது நிறுவனத்தில் வையுங்கள் என்று விதித்தொகுப்பு பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை.

சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் ஓர் ஈயே போதும். பால்டிக் ஆம்பரில் இன்று வாழும் இனத்தின் ஈ இருக்கிறதே என்று ஹென்னிக்கே வியந்து எழுதிய மாதிரி அது. 1993-இல் பார்த்தால், யாரோ ஆம்பரைப் பிளந்து, குடைந்து, ஈயை உள்ளே வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஆம்பர் பொது இடத்தில் இருந்ததால் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடிந்தது.

நானும் ஏமாந்தவன்தான், சின்ன அளவில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் எறும்பு உள்ள ஆம்பர் பதக்கம் என்று ஒன்றை வாங்கினேன். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டு, பதக்கத்தை விட்டேன். மிதந்தது. கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும், ஆம்பர் மிதக்கும், மகிழ்ந்துபோனேன். கோப்பலும் மிதக்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. கோப்பல் என்பது இன்னும் முற்றாத இளம் பிசின், கோடிக்கணக்கில் அல்ல, நூறுகளிலோ ஆயிரங்களிலோ வயது. பிறகு மனைவியின் நகப்பூச்சு நீக்கியை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. ஆம்பர் இப்படி இளகாது, இது கோப்பல்தான்.

அந்தப் பதக்கத்தை இப்போது பையனிடம் கொடுத்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்து எறும்பின் கால்களை எண்ணினான், சரியாக ஆறு. “இதுக்கு நான் பேர் வைக்கலாமா அங்கிள்?” என்றான். “வைக்கலாம். ஆனா இதை எந்தச் சேகரிப்புல வச்சிருக்கேன்னு எழுதணும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“என் பென்சில் பாக்ஸ்.”